ஒன்றேகால் மணி நேரத்தின் வரலாறு: சென்னை – பலாலி

1

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று தமிழ்நாட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'கடலுக்கு அந்தப் பக்கம்' என்பார்கள். இல்லையென்றால் 'வேற நாடுங்க அது' என்பார்கள். இரண்டிலும் தூரத்துக்கான கணக்கு கிடையாது. வரைபடத்தை எடுத்து நேர்கோடு போட்டுப் பார்த்தால், மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து பலாலிக்குச் சுமார் 355 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்குச் சுமார் 415. அதாவது சென்னைவாசிக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் கிட்ட. இன்னொரு பக்கம், பலாலியிலிருந்து கொழும்பை ஒட்டிய இரத்மலானைக்குச் சுமார் 330 கிலோமீட்டர். ஆக, ஒரு தலைநகருக்கும் இன்னொரு மாநிலத் தலைநகருக்கும் நட்டநடுவே, ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், இருக்கிறது யாழ்ப்பாணம்.

இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு உடனே 'தொப்புள்கொடி உறவு' என்று ஆரம்பிப்பது நம் மேடைகளின் வழக்கம். நான் அதற்குள் போகப் போவதில்லை. தூரம் மாறாமல் இருக்கையில், அதைக் கடக்கும் நேரம் மட்டும் ஏன் ஒன்றேகால் மணியாகவும், ஒரு நாளாகவும், இருபது வருடமாகவும் மாறிக்கொண்டே இருந்தது என்பதே என் கேள்வி. இந்த நேரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. விமானப் பொறியியலின் வரலாற்றில் அதைத் தேடினால் கிடைக்காது. அது அரசுகளின் வரலாறு. அரசாக விரும்பியவர்களின் வரலாறும்கூட.

வெளியைக் காலத்தால் அழித்துக்கொண்டே போவதுதான் மூலதனத்தின் இயல்பு என்றார் மார்க்ஸ். ரயிலும் தந்தியும் விமானமும் உலகைச் சுருக்கின என்று நாம் படித்ததெல்லாம் இதன் விரிவுரைதான். ஆனால் இங்கிலாந்தின் புவியியல் அறிஞர் டோரீன் மாஸி 1990களின் தொடக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துக் கேட்டார்: யாருக்குச் சுருங்கியது? சிலர் பறக்கிறார்கள், சிலர் பறப்பதைத் தீர்மானிக்கிறார்கள், வேறு சிலர் அந்தப் பறத்தலாலேயே இருந்த இடத்தில் முடக்கப்படுகிறார்கள். வேகம் எல்லோர்க்கும் பொதுவில் வைக்கப்பட்ட சொத்து அல்ல, அதிகார உறவு. பாக்கு நீரிணையை வைத்து இதை வாசித்தால் நமக்கு நன்றாகவே விளங்கும்.

2

பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. பிறப்பே இராணுவப் பிறப்பு. போர் முடிந்தபின் அது பொதுமக்களுக்கானது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், டக்கோட்டா எனப்படும் டி.சி.-3, இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, பின் சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாடு ஆவதற்கு முன்பே அந்நாட்டின் விமானம் முதலில் பறந்த திசை வடக்கு. வழியில் நின்ற இடம் யாழ்ப்பாணம். இது இன்றைக்குப் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

டக்கோட்டாவின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பலாலி – சென்னை சுமார் ஒன்றரை மணி நேரம் வரும். 2019இல் இதே வழியில் மறுபடி விட்ட ஏ.டி.ஆர். 72 விமானத்துக்கு ஒன்றேகால் மணி அளவில். 72 வருட விஞ்ஞான வளர்ச்சி மிச்சப்படுத்தியது கால் மணி நேரம்! ஒரு தேநீர் குடிக்கிற நேரம். முன்னேற்றம் என்ற பெருங்கதையாடலுக்கு இந்த வழித்தடத்தில் பெரிய வேலை இல்லை.

விமானத்துக்கு முன்னால் 'போட் மெயில்'. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலமும் மார்ச்சில் இந்திய – இலங்கை ரயில் கப்பல் இணைப்பும் திறக்கப்பட்டன. எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறினால் கொழும்பு. யாழ்ப்பாணம் போகிறவர் மதவாச்சியில் வடக்கே போகும் ரயிலுக்கு மாறிக்கொள்ள வேண்டும். மாணவர்கள், வியாபாரிகள், நாதஸ்வரக் கச்சேரிக்குப் போனவர்கள், பத்திரிகைக் கட்டுகள், பட்டுப்புடவை எல்லாம் போய் வந்த வழி என்று இதை நாம் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறோம். சரிதான். ஆனால் அந்த ரயிலின் அடித்தளம் யாருடைய கால்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்க் கூலிகள் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுவழி நடந்தே போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழிநெடுகச் செத்தார்கள். ரயில் வந்த பிறகும் அவர்களுடைய பயண நேரம் மற்றவர்களுடையதைப் போல இருக்கவில்லை. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தனிமைப்படுத்தல் முகாமில் அடைத்துவைத்து, உடம்பைச் சோதித்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். அதே கடல், அதே கப்பல். ஒருவர் வெள்ளைவேட்டி கசங்காமல் மறுநாள் போய் இறங்குகிறார். இன்னொருவர் முகாமில் நாள்கணக்கில் வரிசையில் நிற்கிறார். மண்டபம் என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

3

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். அதே ஆண்டின் குடிவரவு – குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, போய்வருகிற கடல் எல்லையாக மாறியது. வல்வெட்டித்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையே அறுபது கிலோமீட்டர் சொச்சம். காலங்காலமாகத் தோணியில் போய்வந்து வியாபாரம் பண்ணியவன் அன்றிலிருந்து 'கள்ளக்கடத்தல்காரன்'. தோணியின் வேகம் மாறவில்லை, காற்று மாறவில்லை. பெயர் மட்டும் மாறியது. பெயரிடும் அதிகாரம் தூரத்தின் மேலும் செல்லும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1964 அக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பங்கு பிரித்தன. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22–23 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அந்தக் கப்பலில்தான் 'தாயகம் திரும்புவோர்' என்று பெயரிடப்பட்ட மலையக மக்கள், தாங்கள் பார்த்தேயிராத தாயகத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் பலாலியில் விமானம் ஏறி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்ததும் இதே வருடங்களில்தான். காலையில் பறந்துபோய், சென்னையில் புதுப்படம் பார்த்துவிட்டு, சேலையும் வாங்கிக்கொண்டு திரும்பிய கதைகளை யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இன்றும் ரசித்துச் சொல்வார்கள். கொஞ்சம் உப்பும் புளியும் சேர்ந்திருக்கலாம், பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் வானத்தில் போனவருக்கு அது உல்லாசம், கீழே கப்பலில் வந்தவருக்கு அது திரும்பிப் போக முடியாத ஒருவழிப் பயணம். இரண்டு கூட்டமும் பேசியது தமிழ். மொழி ஒன்று என்பதால் தூரமும் ஒன்றாகிவிடாது என்பதை 'தமிழர் ஒற்றுமை' பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

4

1978இல் ஏர் சிலோன் மூடப்பட்டது. அந்த வருடம் செப்டம்பர் 7, புதிய அரசியலமைப்பு பிரகடனமான நாளில், பலாலியிலிருந்து பயணிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு இரத்மலானையில் நின்ற அதன் ஆவ்ரோ விமானம் குண்டுவெடித்து அழிந்தது. பயணிகள் இறங்கிவிட்டிருந்தார்கள். மறுவருடம் கட்டுநாயக்காவை மையமாகக் கொண்டு ஏர் லங்கா பிறந்தது. பலாலிக்கும் இந்தியாவுக்குமான பயணிகள் விமானம் நின்றுபோனது. முழுப்போர் தொடங்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போர்தான் பாதையை மூடிற்று என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. போருக்கு முன்பே மையத்தை நோக்கி எல்லாவற்றையும் இழுக்கும் அரசின் தர்க்கம் அதை மூடிவிட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோடு போட்டால் அது யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே போகிறது. யாழ்ப்பாணம் போக வேண்டியவர் தன் ஊருக்கு நேராக உள்ள கோட்டைத் தாண்டி, 640 கிலோமீட்டர் பறந்து, கட்டுநாயக்காவில் இறங்கி, கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி, பிறகு 400 கிலோமீட்டர் தரைவழியே வடக்கே திரும்பி வரவேண்டும். 355 கிலோமீட்டர், ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றேகால் மணி, ஒரு நாளாகிறது. 'நீ எங்கே போவதானாலும் என் வழியாகத்தான் போகவேண்டும்' என்று ஒற்றையாட்சி அரசு சொல்வதை அரசியலமைப்பின் ஷரத்துகளில் மட்டும் தேடவேண்டியதில்லை, விமான அட்டவணையிலும் வாசிக்கலாம்.

அடுத்த 41 வருடம் இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமே வரவில்லை என்று 2019இல் பத்திரிகைகள் எழுதின. அது பயணிகள் விமானத்துக்கு மட்டுமே உண்மை. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் மிராஜ் போர்விமானங்களின் காவலோடு வந்து யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்டன. மக்கள் கையசைத்தார்கள். ஜூலை 29 ஒப்பந்தம். அடுத்த நாள் பலாலியில் இந்தியப் படை வந்து இறங்கியது. அக்டோபர் 5 அன்று, பலாலித் தளத்தில் வைக்கப்பட்டிருந்த புலிகள் உறுப்பினர் 17 பேரைக் கொழும்புக்கு விமானத்தில் கொண்டுபோக இருந்த நேரத்தில் அவர்கள் சயனைட் கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள். அதே மாதம் 21, 22 தேதிகளில் இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டுக் கொன்றார்கள். உணவுப் பொதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஐந்து மாதம்கூட இல்லை. விமானம் வந்தால் உறவு வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இந்த அட்டவணையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

5

1990 ஜூனில் மீண்டும் போர். யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது (திரும்ப வர 2014 அக்டோபர் ஆயிற்று). ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. தெற்கே போக கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். 1993 ஜனவரி 2 அன்று அப்படிக் கடந்துகொண்டிருந்தவர்களைக் கடற்படை வெட்டியும் சுட்டும் கொன்றது. படகில் சில மணி நேரப் பயணம். உயிரோடு போய்ச் சேர்ந்தால் சரி.

அரசை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக புலிகளின் 'பாஸ்' வேண்டும். பிள்ளையையோ காணியையோ பிணை காட்ட வேண்டும். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் மொத்தம் 70,000க்கும் மேல். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டை, கடையை, பள்ளிவாசலை விட்டு இரண்டு மணி நேரத்தில் வெளியேறு என்றால், அந்த இரண்டு மணி நேரத்தில் கடந்த தூரம் எவ்வளவு? யாழ்ப்பாணத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலான கிலோமீட்டரைச் சொல்லி இதற்குப் பதில் தர முடியாது. 'சென்னை – யாழ்ப்பாணம் மீண்டும் இணைந்தது' என்று சந்தோஷப்படும் கட்டுரைகள் எதிலும் இந்த இரண்டு மணி நேரத்தை நான் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தின் பயண வரலாற்றில் எல்லாரும் தமிழ்ப் பயணிகள்தானோ?

1995–96இல் குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்தபின் பலாலியிலிருந்து இரத்மலானைக்குத் தனியார் விமானங்கள் பறந்தன. 1998 செப்டம்பர் 29 அன்று லயன் ஏர் விமானம் ஒன்று 55 பேருடன் மன்னார்க் கடலில் விழுந்தது. புலிகளே சுட்டு வீழ்த்தினர் என்று சொல்லப்பட்டது. 2012இல்தான் கடலடியிலிருந்து சிதைவுகளை எடுத்தார்கள். ஒரு மணி நேர விமானத்துக்காக 14 வருடம் காத்திருந்த குடும்பங்களுக்கு மறுவருடம் யாழ்ப்பாணத்தில் துணிமணிகளையும் செருப்புகளையும் காட்டினார்கள்.

போக்கற்ற ஜனம் என்ன செய்தது? கடலில் இறங்கியது. 1983க்குப் பிறகு அலை அலையாக மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு. காசை வாங்கிக்கொண்டு ஓட்டிகள் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட, குடிக்கத் தண்ணீரில்லாமல் குழந்தைகளோடு காத்துக்கிடந்தவர்கள் எத்தனையோ பேர். மீட்டுக் கொண்டுவந்து பதிவு செய்த இடம் மண்டபம் முகாம். ஆமாம், கூலிகளைச் சோதித்து அனுப்பிய அதே மண்டபம். முதலில் போகிறவர்களை நிறுத்திவைத்தது, பிறகு ஒப்பந்தத்தில் திரும்பியவர்களை நிறுத்திவைத்தது, அப்புறம் அகதிகளை. மீனம்பாக்கமும் பலாலியும் மூடித் திறந்தன. மண்டபம் மட்டும் தன் வேலையை விடவில்லை.

6

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் தமிழ் மேலே எழுதப்பட்டதற்கே தெற்கில் முணுமுணுப்பு எழுந்தது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வந்தது. கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் திரும்பவும் ஓடியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்து சேர்ந்தது.

நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. வைத்தியத்துக்கும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அந்த விமானத்தில் ஒருமுறை உட்கார்ந்தால் தெரியும். நான் 2023இல் போனேன். பக்கத்து இருக்கையில் எழுபது தாண்டிய ஒரு அம்மா. வளசரவாக்கத்தில் மகளோடு இருக்கிறவர். விமானம் தாழ இறங்கும்போது ஜன்னலைக் காட்டிச் சொன்னார்:

"தம்பி, உதில அங்கால பனையள் தெரியுதல்லே, அதுக்குக் கிட்டத்தான் எங்கட வளவு. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம் வெளிக்கிட்டனாங்கள். இப்ப பிளேன் இறங்கிறது எங்கட ஊருக்குள்ளதான் எண்டு வச்சுக்கொள்ளுங்கோவன்."

"வீட்டைப் போய்ப் பார்ப்பீங்களாம்மா?"

"எங்க பாக்கிறது? இறங்கி நடந்தா கால் மணித்தியாலம் வராது. ஆனா விடமாட்டாங்கள். சுத்திப் போய் கம்பி வேலிக்கு இஞ்சால நிண்டு பாக்கலாம், அவ்வளவுதான்."

ஒன்றேகால் மணியில் 355 கிலோமீட்டர். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர், 33 வருடமாகியும் முடியவில்லை. விமான நேரம் என்று நாம் சொல்கிற எண்ணுக்குள் இந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் சேர்வதேயில்லை.

பலாலி, மயிலிட்டி, வசாவிளான் முதலான வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் 1990 ஜூனில் வெளியேறினார்கள். செம்மண் தோட்டங்களும் நல்ல மீன்பிடித் துறையும் 'உயர் பாதுகாப்பு வலயம்' ஆயின. போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கரைச் சட்டப்படியே எடுத்துக்கொள்ள அரசு அறிவித்தல் ஒட்டியது. 2,000க்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள், முழுதாக விடவில்லை. பலாலி வீதியில் அடைத்துவைத்திருந்த ஒரு பகுதியை 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள், அதுவும் நடுவில் நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. விமான நிலையத்தை விரிவாக்க வேண்டும், பெரிய விமானம் இறங்க வேண்டும் என்ற கோரிக்கை வரும்போதெல்லாம், யாருடைய தோட்டத்தில் என்ற கேள்வியும் வந்தாக வேண்டும். வராவிட்டால் இராணுவம் பிடித்ததை 'அபிவிருத்தி' பிடித்துக்கொள்ளும்.

இனி விமானத்தில் ஏற முடியாதவர்கள். சென்னையில் விமானம் திறந்த அடுத்த மாதம், 2019 டிசம்பரில், இந்தியா குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை, முஸ்லிம்களும் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று 2021இல் தமிழ்நாடு அரசு மாற்றியது. பெயர் மாறினால் கடவுச்சீட்டு வந்துவிடுமா? ஊர் திரும்ப வேண்டுமென்றால் வெளியேற அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். அப்படி வாங்கி, ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு 2025 மே மாதம் திரும்பிய ஒரு முதியவர் பலாலியில் இறங்கியதும் கைதானார். குற்றம்: போர்க்காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனது. ஓட விரட்டிய அரசே, ஓடும்போது சீட்டு எடுத்தாயா என்று கேட்கிறது!

7

தூரத்தை அளக்க மூன்று கருவிகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. வரைபடம் 355 என்கிறது. அட்டவணை ஒன்றேகால் மணி என்கிறது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட மனிதர் கிளம்பிய இடத்திலிருந்து தன் வாசற்படிக்குப் போய்ச் சேர ஆகிற காலம். முதல் இரண்டும் அரசிடமும் கம்பெனியிடமும் இருக்கின்றன. மூன்றாவதை எழுதிவைக்க ஆளில்லை. மன்னாரிலிருந்து நடந்த கூலியின் காலம், ராமேஸ்வரத்தில் இறக்கப்பட்ட மலையகப் பெண்ணின் காலம், புத்தளத்தில் ஓலைக்கொட்டகையில் கழிந்த முஸ்லிம் குடும்பத்தின் காலம், மண்டபத்தில் பதிவு எண்ணோடு வளர்ந்த பிள்ளையின் காலம். வாய்வழியாகக்கூட இவை தொகுக்கப்படவில்லை என்றால், நாளைக்கு மிஞ்சப்போவது திறப்புவிழாத் தேதிகள் மட்டும்தான்.

ஆகவே விமானம் வேண்டும், கப்பலும் வேண்டும் என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாகாது. ஓடுபாதையைச் சுற்றியுள்ள காணி உரியவர் கைக்குப் போகட்டும். முகாமில் இருப்பவருக்கு இங்கே குடியுரிமையோ, கைதாகாமல் அங்கே போய் வாழும் உரிமையோ, அவரவர் விருப்பப்படி கிடைக்கட்டும். விரட்டப்பட்ட முஸ்லிம்கள் தம் தெருவுக்குத் திரும்ப வீடும் காணியும் கிடைக்கட்டும். இவை நடக்கிற வரைக்கும் 'சென்னை – யாழ்ப்பாணம், ஒரு மணி பதினைந்து நிமிடம்' என்ற வரி, ஏற முடிந்தவர்களுக்கான தகவல். மற்றவர்களின் பயணம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.